கொங்குநாட்டுக் கிணறுகளும் நிலத்தடி நீரின் வரவு செலவும்

கொங்குநாட்டின் விவசாயம் பெரும்பாலும் கிணற்றை நம்பியதாகும். காவேரி டெல்டாவுக்கு ஆற்று வாய்க்காலும், மதுரை, இராமநாதபுரம் சீமைக்குக் கண்மாயும் எவ்விதம் ஆதாரமோ, அவ்விதமே கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களின் மேட்டு நிலங்களுக்குக் கிணறு ஆதாரமாக இருந்து வருகிறது. கிணற்றுப் பாசனமுள்ள பூமியைத் 'தோட்டம்' என்றும், மழையை மட்டுமே நம்பிய பூமியைக் 'காடு' என்றும் இப்பிரதேசத்தார் வழங்குவர். தோட்டமும் காடும் ஒரே மண்ணாய் ஒரே வரப்பின் இரு பக்கங்களில் இருப்பினும், விலையிலும் விளைவிலும் அவற்றிற்குள்ள வித்தியாசம் குடியானவர் யாவரும் அறிந்ததே.

இப்போது பல கிராமங்களில் தோட்டங்கள் மறுபடியும் காடாகி வருகின்றன. தலைமுறை தலைமுறையாக வற்றாதிருந்த கிணறுகள் மாசி, பங்குனியிலேயே தரை தட்டுகின்றன. அவற்றின் அருகே போடப்பட்ட ஆழ்குழாய்க் கிணறுகள் சில வருஷங்கள் நீர் தந்து, பின்னர் அவையும் காற்றையே தள்ளுகின்றன. இன்னும் ஆழமாக இறங்குவதே இதற்குப் பரிகாரம் என்று பலர் எண்ணிக் கடன் பெற்றுச் செலவு செய்கின்றனர். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை, கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் சரிபார்த்துக் கொள்ளக்கூடிய கணக்கைக் கொண்டு விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

மழையும் பாறையும்

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக் காற்றின் நீரைத் தன் மேலும், தனக்கு மேற்கேயும் பொழியச் செய்துவிடுகிறது. வால்பாறை மலைப்பகுதியில் வருஷத்திற்கு 100 அங்குலத்திற்கு மேல் மழை பெய்ய, மலைக்குக் கிழக்கேயுள்ள கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு ஏறக்குறைய 25 முதல் 28 அங்குலமே கிடைக்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவத்தைச் சார்ந்தது. அப்பருவம் பொய்த்தால் அவ்வருஷத்தின் வரவே பொய்த்ததாகும்.

இப்பிரதேசத்தின் அடியில் இருப்பது நைஸ், சார்னோகைட், கிரானைட் முதலிய கடினப் பாறை. கங்கைச் சமவெளியிலுள்ளது போன்ற ஆழ்ந்த மணற்படுகை இங்கே இல்லை. மேல்மண்ணுக்குக் கீழே, வெயிலாலும் நீராலும் நெடுங்காலமாகச் சிதைந்து உதிர்ந்த பாறை ஓரடுக்காக உள்ளது. அது சில இடங்களில் 30 அடியும், சில இடங்களில் 100 அடியும் கனமுடையது. நிலத்தடி நீர் தங்குமிடம் முக்கியமாக இவ்வடுக்கே. அதற்குக் கீழேயுள்ள கெட்டிப் பாறையில் வெடிப்புகளும் பிளவுகளும் மட்டுமே நீரைக் கொள்ளும். ஆழம் செல்லச் செல்ல அவை பொதுவாகக் குறுகியும் அரிதாகியும் போகின்றன.

பூமிக்கடியில் ஆறு ஓடுகிறது என்று சிலர் நினைப்பது பொருந்தாது. சிதைந்த பாறையை நனைந்த கடற்பஞ்சுக்கு ஒப்பிடலாம். ஆனால் மிகக் கெட்டியான பஞ்சு அது. நூறு கன அடி சிதைந்த பாறையிலிருந்து கிணற்றிற்கு வடிந்து வரக்கூடிய நீர் ஒன்றரை முதல் மூன்று கன அடியேயாகும். கீழேயுள்ள கெட்டிப் பாறையில் இது ஒரு கன அடிக்கும் குறைவு. இச்சிறு எண்ணிக்கையே கொங்குநாட்டுக் கிணறுகளின் வாழ்வையும் தாழ்வையும் நிர்ணயிக்கிறது.

இறைப்பு வளர்ந்த விதம்

பழைய காலத்தில் கவலை ஏற்றமே இறைப்புச் சாதனம். ஒரு ஜோடி எருதுகள் காலையிலிருந்து உச்சிப்பொழுது வரை இறைத்தால் கிணறு அடி தட்டும். பின்பு இறைப்பை நிறுத்தி, இரவில் ஊறியதை மறுநாள் இறைப்பர். எருதின் பலமும் வடத்தின் நீளமும் இறைப்பிற்கு எல்லை வகுத்தன. அவ்வெல்லை குடியானவருக்குக் கஷ்டமாயிருந்தது உண்மையே. எனினும் அதுவே நிலத்தடி நீருக்குக் காவலாகவும் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணெய் என்ஜின் பம்புகள் சென்னை மாகாணத்தில் பரவலாயின. 1932-ம் வருஷத்தில் நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் வேலை தொடங்கியபின் கோயம்புத்தூர் வட்டாரத்திற்கு மின்சாரம் வந்தது. அதனால் ஆலைகள் பெருகியதுடன், கிணற்று மேட்டில் எருதுகள் இருந்த இடத்தில் மோட்டார்களும் அமர்ந்தன. அவற்றைச் செய்து விற்கும் பட்டறைகளால் கோயம்புத்தூர் நாடெங்கும் பெயர் பெற்றது. மின்கட்டணம் விவசாயிகளுக்குப் பெருஞ் சுமையாயிருந்ததால் 1970-ம் வருஷத்தில் இப்பகுதியில் கிளர்ச்சி எழுந்தது. 1972-ல் நாராயணசாமி நாயுடு முதலியோர் தலைமையில் கோயம்புத்தூரில் மாட்டுவண்டிப் போராட்டமும் நடந்தது. 1990-ம் வருஷத்தில் தமிழ்நாட்டு விவசாயிகள் அனைவருக்கும் பாசன மின்சாரம் இலவசமாக்கப்பட்டது.

இம்மாறுதல்களால் விளைந்த நன்மை பெரிது. எருதுகளின் உழைப்பு குறைந்தது. பருத்தியும் கரும்பும் மஞ்சளும் வாழையும் தென்னையும் பெருகின. அநேக குடும்பங்கள் தலையெடுத்தன. ஆனால் எருதுகள் வகுத்த எல்லையும், மின்கட்டணம் வகுத்த எல்லையும் நீங்கியபின், பாறை வகுத்த எல்லை ஒன்றே மீந்தது. அது கண்ணுக்குத் தெரியாததால் பலரும் அதைக் கருதவில்லை.

ஓர் அங்குலக் கணக்கு

மழையை அங்குலத்தில் அளப்பது போலவே பாசனத்தையும் அங்குலத்தில் அளந்தால் விஷயம் எளிதில் விளங்கும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரம் நிற்கும் நீர் சுமார் 22,600 காலன். அதாவது ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று அதிகம்.

மழை 26 அங்குலம் என்று வைத்துக்கொள்க. அதில் பெரும்பகுதி மண்ணிலிருந்து ஆவியாகவும், பயிரால் உறிஞ்சப்பட்டும், பள்ளங்களில் ஓடியும் போகிறது. இத்தகைய பாறைப் பிரதேசத்தில் கீழே இறங்கி நிலத்தடி நீரைச் சேர்வது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே. ஆகவே ஏக்கர் ஒன்றுக்கு வருஷ வரவு 2.6 அங்குலம். பத்து ஏக்கர் உடைய பண்ணைக்குத் தன் பூமியின் மழையால் கிடைக்கும் வரவு 26 ஏக்கர்-அங்குலமாகும்.

இனிச் செலவைப் பார்க்கலாம். பயிர்களின் மொத்த நீர்த்தேவை ஏறக்குறைய வருமாறு: கரும்புக்கு 60 அங்குலமும் அதற்கு மேலும், வாழைக்கு 50 முதல் 80 அங்குலம், நெல்லுக்கு 48, பருத்திக்கு 24, நிலக்கடலைக்கு 20, சோளத்திற்கு 14 முதல் 20, கேழ்வரகுக்கு 14, பயறு வகைகளுக்கு 10 முதல் 12. கரும்பின் 60 அங்குலத்தில் 13 அங்குலத்தை மழையே கொடுத்துவிட்டது என்று கொண்டாலும், மீதி 47 அங்குலத்தைக் கிணறு கொடுக்கவேண்டும். ஏக்கருக்கு 2.6 அங்குல வரவு என்ற கணக்கில், ஓர் ஏக்கர் கரும்பு பதினெட்டு ஏக்கர் பூமியின் வருஷ வரவை உண்கிறது. கேழ்வரகின் 14 அங்குலத்தில் பாதி மழையாலாயின், ஓர் ஏக்கருக்கு மூன்று ஏக்கரின் வரவே போதும். பாசன நீரில் ஒரு பங்கு மறுபடியும் கீழே இறங்கும் என்பது மெய்யே. அதைக் கழித்துக் கொண்டாலும் கணக்கின் போக்கு மாறுவதில்லை.

பத்து ஏக்கர்ப் பண்ணையொன்றில் இரண்டு ஏக்கர் கரும்பு வைத்தால், அதன் வரவு 26 ஏக்கர்-அங்குலம், செலவு 94 ஏக்கர்-அங்குலம். குறையும் 68 எங்கிருந்து வருகிறது? சுற்றிலுமுள்ள பண்ணைகளின் அடியிலிருந்தும், முன்னோர் காலத்து மழை சேர்த்து வைத்த சேமிப்பிலிருந்தும் வருகிறது. சுற்றிலுமுள்ளோர் காட்டுப் பயிர் மட்டும் செய்த காலத்தில் இக்குறை வெளித்தோன்றவில்லை. எல்லாரும் தோட்டம் செய்யத் தொடங்கியபின் ஒருவர் பள்ளத்தை நிரப்ப மற்றொருவரிடம் நீர் இல்லை.

நீர்மட்டம் இறங்கும் வேகத்தையும் இவ்வாறே கணக்கிடலாம். நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் தரும் பாறையில், ஓர் அங்குல நீர் 50 அங்குலப் பாறையை நிரப்பும். ஆகவே கிராமம் முழுவதும் வரவுக்கு மேல் ஓர் அங்குலம் அதிகமாக இறைத்தால் நீர்மட்டம் நான்கடிக்கு மேல் இறங்கும். இங்ஙனம் பத்து வருஷம் இறைத்தால் நாற்பது அடி இறங்கும். சிதைந்த பாறையின் கனம் அவ்வளவே உள்ள இடங்களில் சேமிப்பு முழுவதும் அத்துடன் தீர்ந்துவிடும். அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள ஒகல்லாலா நீர்ப்படுகை நூற்றுக்கணக்கான அடி கனமுள்ள மணலும் சரளையுமாகும். அதிலும் வரவுக்கு மிஞ்சிய இறைப்பால் டெக்ஸாஸ், கான்ஸாஸ் ராஜ்யங்களின் சில பகுதிகளில் கிணறுகள் ஓய்ந்து, விவசாயிகள் மானாவாரிக்குத் திரும்பியுள்ளனர். அத்தகைய பெருஞ் சேமிப்பே தாங்காதபோது, கொங்குநாட்டின் மெல்லிய அடுக்கு எவ்வளவு தாங்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

ஆழப்படுத்துவதால் நேர்வது

கிணற்றை ஆழப்படுத்துவதாலோ, 1,000 அடிக்கு ஆழ்குழாய் இறக்குவதாலோ மழை ஓர் அங்குலமும் அதிகமாவதில்லை. புதிய ஆழ்குழாய் நீர் தரும்போது மூன்று காரியங்கள் நிகழ்கின்றன.

முதலாவதாக, ஆழத்துப் பிளவுகள் மேலடுக்குடன் தொடர்புடையனவாயின், மேலுள்ள நீரே கீழே வடிந்து அக்குழாயைச் சேர்கிறது. அதனால் பக்கத்திலுள்ள திறந்த கிணறுகள் முதலில் வற்றுகின்றன. அக்கிணறுகளின் சொந்தக்காரர் பெரும்பாலும் சிறு நிலமுடையோர். அவர்களும் ஆழ்குழாய் இறக்கினால் முன்னவருடைய நீர் குறையும். அவர் இன்னும் ஆழத்திற்குச் செல்வார். இப்போட்டியில் கிராமத்தின் நீர் கூடுவதில்லை. கிராமத்தின் கடனே கூடுகிறது.

இரண்டாவதாக, அப்பிளவுகள் மேலடுக்குடன் தொடர்பற்றனவாயின், அவற்றிலுள்ள நீர் மிகப் பழமையான சிறு சேமிப்பு. அது சில வருஷங்களில் தீர்ந்துபோகும். விதைநெல்லைக் குத்தி உண்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

மூன்றாவதாக, ஆழம் பெருகப் பெருக அதே மோட்டார் தரும் நீர் சுருங்குகிறது. 5 குதிரைச் சக்தி மோட்டார், பாதிச் சக்தி வீணாகிறது என்று கொண்டால், 50 அடி ஆழத்திலிருந்து மணிக்கு 9,900 காலன் ஏற்றும். 100 அடியிலிருந்து 4,950. 300 அடியிலிருந்து 1,650 காலனே ஏற்றும். ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குலம் பாய்ச்ச முன்னது இரண்டேகால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். கடைசியானது ஏறத்தாழப் பதினான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மின்சாரத்திற்கு விலை இல்லாததால் இந்நஷ்டம் குடியானவரின் கணக்கில் தோன்றாது. ஆயினும் மின்சாரம் கிடைக்கும் நேரம் அளவானதே. ஆகையால் பாயும் பரப்பு சுருங்குவதில் அந்நஷ்டம் வெளிப்பட்டே தீரும்.

2016-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைந்தது. அதையடுத்த கோடையில் கொங்குநாட்டில் பல தென்னந்தோப்புகள் பட்டுப்போயின. சோளமோ பருத்தியோ ஒரு பருவம் தவறினால் மறு பருவத்தில் விதைத்துக் கொள்ளலாம். தென்னையோ பட்டுப்போனால் பல வருஷங்களின் உழைப்பு ஒருங்கே அழிகிறது. நல்ல மழையுள்ள வருஷத்தின் நீரை நம்பி நிரந்தரப் பயிரை விஸ்தரித்த பண்ணை, மழையற்ற வருஷத்தில் கைகொடுக்கச் சேமிப்பு ஏதும் இல்லாமற் போகிறது.

சட்டமும் சர்க்கார் கணக்கும்

1882-ம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்திற்கு அடியில் குறிப்பிட்ட கால்வாயாக ஓடாமல் பரவியிருக்கும் நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமை நிலச் சொந்தக்காரருக்கு உண்டென்று கருதுகிறது. சட்டம் எல்லைக்கல்லைப் பார்க்கிறது; நீர் அதைப் பார்ப்பதில்லை. நிலத்தடி நீரை ஒழுங்கு செய்யத் தமிழ்நாட்டில் 2003-ம் வருஷத்தில் இயற்றப்பட்ட சட்டம் 2013-ல் ரத்து செய்யப்பட்டது. ஆதலால் இவ்விஷயத்தில் கிராமத்தாரின் சொந்தக் கட்டுப்பாடே பெரிதும் வேண்டற்பாலது.

மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில நீர்வளத் துறையும் பிர்க்கா தோறும் வரவு செலவை மதிப்பிட்டு வகுத்துள்ளன. வரவில் 70 சதவிகிதம் வரை எடுக்கும் பகுதி பாதுகாப்பானது. 90 வரை எடுப்பது பாதி அபாயமுள்ளது. 100 வரை எடுப்பது அபாயமுள்ளது. அதற்கு மேல் எடுப்பது மிதமிஞ்சிச் சுரண்டப்பட்டது. கோயம்புத்தூர் ஜில்லாவில் கடைசி வகுப்பைச் சேர்ந்த பிர்க்காக்கள் பல உள்ளன. தம் பிர்க்கா எவ்வகுப்பைச் சேர்ந்ததென்பதை ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலரும் அறிந்து, குடியானவருக்குத் தெரிவிப்பது நலம்.

வெளியிலிருந்து வரும் நீர்

1955-ல் முடிவுற்ற கீழ்பவானி அணையின் வாய்க்காலும், பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் வாய்க்கால்களும் பாயும் பகுதிகளில், வாய்க்கால் கசிவால் கிணறுகள் ஊறுவதை யாவரும் அறிவர். அவ்வாய்க்கால்கள் எட்டாத வறண்ட பகுதிகளுக்காக அத்திக்கடவு-அவினாசித் திட்டம் 2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரில் 1.5 டி.எம்.சி. எடுத்து, மூன்று ஜில்லாக்களிலும் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது அதன் ஏற்பாடாகும்.

இத்திட்டம் பெருநன்மை தருவது. ஆயினும் அதன் அளவையும் அறிந்திருத்தல் வேண்டும். 1.5 டி.எம்.சி. நீரை நான்கு லட்சம் ஏக்கரில் பரப்பினால் ஓர் அங்குலமே நிற்கும். அதிலும் குளத்து வெயிலில் ஆவியாவது போக மீந்ததே கீழே இறங்கும். குளத்தை அடுத்த கிணறுகளுக்கு அது உயிர் கொடுக்கும். குறைந்த நீர்ப்பயிர் செய்யும் கிராமத்தைக் காப்பாற்றும். குளம் நிறைந்ததென்று புதிதாகக் கரும்பும் வாழையும் வைக்கும் கிராமத்தை அது காப்பாற்றாது.

விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை

1. அளத்தல்: கிணற்றின் உட்சுவரில் அடிக்கணக்குக் கோடுகளை வண்ணத்தால் எழுதி வைக்கவேண்டும். மாதம் ஒருமுறை குறித்த தேதியில், காலை இறைப்புக்கு முன், நீர்மட்டத்தைக் கண்டு நோட்டில் பதிவு செய்தல் வேண்டும். தை மாத அளவையும் வைகாசி மாத அளவையும் முந்தின வருஷத்துடன் ஒப்பிட்டால் சேமிப்பு வளர்கிறதா, தேய்கிறதா என்பது விளங்கும்.

2. மழைமானி: கிராமத்திற்கு ஒரு மழைமானியாவது இருத்தல் அவசியம். விலை சொற்பம், பள்ளிக்கூடத்திலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ வைத்துக் கணக்கு எழுதலாம்.

3. கிராம நீர்க் கணக்கு: ஜனவரி 26-ம் தேதி கூடும் கிராம சபை இதற்கு ஏற்ற சமயம். வடகிழக்குப் பருவம் அப்போதுதான் முடிந்திருக்கும். பெய்த மழையையும் கிணறுகளின் மட்டத்தையும் அறிவித்து, கோடையில் எத்தனை ஏக்கருக்கு எப்பயிர் தாங்கும் என்பதைச் சபையில் கணக்கிட்டுச் சொல்லலாம். மகாராஷ்டிர மாநிலத்தின் ஹிவரே பஜார் கிராமத்தார் இங்ஙனம் ஆண்டுதோறும் கணக்கிட்டு, பாசனத்திற்கு ஆழ்குழாய் இறக்குவதையும் கரும்பு, வாழை பயிரிடுவதையும் தாங்களே விலக்கி, வறண்ட கிராமத்தைச் செழிப்பாக்கினர். ஆந்திராவின் ஏழு வறட்சி ஜில்லாக்களில் 2003-ம் வருஷம் முதல் நடந்த ஒரு திட்டத்தில் விவசாயிகளே மழையையும் நீர்மட்டத்தையும் அளந்து, அதற்கேற்பப் பயிரை மாற்றிக்கொள்ளக் கற்றனர். இவ்விரு இடங்களும் கொங்குநாட்டைப் போலவே பாறைப் பூமியே.

4. பயிர்த் தேர்வு: மிக அதிக நீருண்ணும் பயிரைப் பண்ணையின் சிறு பகுதிக்கு மட்டும் ஒதுக்கி, மற்றப் பகுதியில் சோளம், கேழ்வரகு, பயறு, நிலக்கடலை, பருத்தி ஆகியவற்றை மாற்றி மாற்றிச் செய்தல் நன்று. தென்னை போன்ற நிரந்தரப் பயிரின் பரப்பை, நல்ல வருஷத்து நீரைக் கொண்டல்லாமல், மழை குன்றிய வருஷத்து நீரைக் கொண்டே நிர்ணயிக்கவேண்டும்.

5. சொட்டு நீர்ப் பாசனம்: கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தில் 1970-களிலிருந்தே இம்முறை ஆராயப்பட்டு வந்துள்ளது. சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவருக்கு 75 சதவிகித மானியமும் சர்க்கார் அளிக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை அவசியம். மிச்சமான நீரைக் கொண்டு பரப்பை விஸ்தரித்தால் பண்ணைக்கு லாபமேயன்றி நிலத்தடி நீருக்கு மிச்சமில்லை. மிச்சத்தில் ஒரு பங்கையாவது கிணற்றிலேயே விட்டுவைத்தல் வேண்டும்.

6. வரவைப் பெருக்குதல்: கோடையில் காடுகளைச் சரிவுக்குக் குறுக்கே உழுதல், வரப்பை உயர்த்துதல், பண்ணைக் குட்டை வெட்டுதல், பள்ளங்களில் தடுப்பணை கட்டுதல், குளங்களின் வண்டலை எடுத்து வயலுக்கு இடுதல் ஆகியவை பயன் தருவன. குளத்திற்கு நீர் வரும் பள்ளங்களை ஆக்கிரமிப்பின்றிக் காப்பது கிராம அதிகாரிகளின் முதற் கடமை. வரத்துப் பள்ளம் அடைபட்ட குளத்தைத் தூர்வாரிப் பயனில்லை.

7. புதிய ஆழ்குழாய்: கடன் பெற்று ஆழ்குழாய் இறக்க நினைப்பவர், கால் மைல் சுற்றளவில் கடந்த ஐந்து வருஷங்களில் இறக்கப்பட்டவை எத்தனை, இப்போது நீர் தருபவை எத்தனை என்பதை முதலில் விசாரித்துக் கொள்ளவேண்டும். பாதிக்கு மேல் ஓய்ந்திருந்தால், அப்பணத்தைச் சொட்டு நீர்க் குழாயிலும் பண்ணைக் குட்டையிலும் கறவை மாடுகளிலும் போடுவது புத்திசாலித்தனமாகும்.

கிணறு ஒருவர் பெயரில் பட்டாவாகலாம். அதனுள் ஊறும் நீர் ஊர் முழுவதன் மழையிலிருந்து வருவது. அவிபக்த குடும்பத்தின் சொத்தை ஒரு பங்காளி மட்டும் செலவழித்தால் மற்றவர் சும்மா இருப்பதில்லை. ஆனால் எல்லாரும் போட்டியிட்டுச் செலவழித்தால் சொத்தே மிஞ்சுவதில்லை. வரவை அறிந்து செலவைச் சுருக்கும் கிராமத்தில் கிணறுகள் ஐந்தாறு நல்ல பருவங்களில் மேலேறக்கூடும். ஏனெனில் பாறை மெல்லியதாகையால் வற்றுவதும் விரைவு, நிரம்புவதும் விரைவு. ஏக்கருக்கு ஓர் அங்குலம் மிச்சப்படுத்தினால் நான்கடி ஏறும் என்பதும் அதே கணக்கேயாகும்.